குறுவைக்கு 110 நாள்... விந்தணுவுக்கு எத்தனை நாள்? ஆண் உடலுக்குள் நடக்கும் மூன்று மாதப் பயணம்

கல்யாணம் முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்காது. ஏதாவது ஒரு விசேஷ வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் அத்தையோ பெரியம்மாவோ ஆரம்பித்துவிடுவார். "என்னம்மா, வயித்துல பூச்சி புழு ஏதாச்சும் உண்டா?" கேள்வி பெண்ணிடம்தான். அதே பந்தியில் நான்கு இலை தள்ளி ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

காவிரி டெல்டாவில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகச் சென்னை போகும் சாலையில் இருக்கிறது திருப்பனந்தாள். இங்குள்ள அருணஜடேஸ்வரர் கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்றும் ஒரு பெயர். தாடகை என்ற பெண் பிள்ளை வரம் வேண்டி இங்கே பூஜை செய்தாள் என்கிறது தலபுராணம். மாலை சாத்தும் நேரத்தில் சேலை நழுவ, அவள் அதை முழங்கைகளால் இடுக்கிக்கொண்டு தவித்தாள். அவளுக்காக லிங்கமே தலை சாய்ந்து மாலையை வாங்கிக்கொண்டது. சாய்ந்த லிங்கத்தைப் பின்னாளில் குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார் என்பது கதையின் அடுத்த பகுதி. பாபநாசம் பக்கம் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலிலும் நெய்ப் பிரசாதம் வாங்கக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான்.

வேண்டுதலில் தப்பில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் வேண்டுதலும் பெண்ணுக்கு, ஸ்கேனும் பெண்ணுக்கு, பேச்சு வாங்குவதும் பெண்ணுக்கு என்றால் கணக்கில் பாதியைக் காணவில்லை. குழந்தையின்மைக்குச் சிகிச்சை தேடி வரும் தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். சிலருக்கு அது மட்டுமே காரணம், சிலருக்குப் பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தது. உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் கருத்தரிப்பதில் சிக்கலைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஆகவே இது யாரோ சிலருடைய பிரச்சினை அல்ல.

அப்படியென்றால் ஆண் உடலுக்குள் என்னதான் நடக்கிறது? விந்தணு எங்கே உருவாகிறது, எந்த வழியாகப் போகிறது, எங்கே தடுக்கி விழுகிறது? முதலிலிருந்து பார்ப்போம்.

ஏன் உடலுக்கு வெளியே ஒரு பை?

இதயம், நுரையீரல், கல்லீரல் என முக்கியமான உறுப்புகள் எல்லாம் உடலுக்குள் பத்திரமாக இருக்கும்போது, விந்தகங்கள் மட்டும் ஏன் வெளியே தொங்குகின்றன? காரணம் வெப்பம். நம் உடலின் வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். விந்தணு உற்பத்தி ஒழுங்காக நடக்க அதைவிட 2 முதல் 4 டிகிரி வரை குறைவாக இருக்க வேண்டும்.

இதற்காக உடல் ஒரு தனி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. குளிரும்போது விதைப்பை சுருங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும். வெக்கையில் தளர்ந்து இறங்கும். விந்தகத்துக்குச் சூடான ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலைபோலப் பின்னியிருக்கும். அந்தச் சிரைகளில் திரும்பும் குளிர்ந்த ரத்தம், உள்ளே போகும் ரத்தத்தின் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

டெல்டா விவசாயிக்கு இது புதிய செய்தி இல்லை. நெல் பூக்கும் நேரத்தில் வெயில் 35 டிகிரியைத் தாண்டி அடித்தால் மகரந்தம் கெட்டுப்போகும். கதிர் வெளியே பார்க்க நன்றாக நிமிர்ந்து நிற்கும், உள்ளே பால் பிடித்திருக்காது. அறுத்துத் தூற்றும்போதுதான் தெரியும், பதர். பயிரோ மனிதனோ, ஆண் இனப்பெருக்கச் செல்லுக்கும் சூட்டுக்கும் ஆகாது.

கருவில் இருக்கும்போது விந்தகங்கள் வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் மெல்ல இறங்கி விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. சில ஆண் குழந்தைகளுக்கு ஒன்றோ இரண்டோ இறங்காமல் மேலேயே தங்கிவிடும். பிறந்து ஆறு மாதமாகியும் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறிய அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள் செய்துவிடுவார்கள். "வளர்ந்தா சரியாயிடும்" என்று வருஷக்கணக்கில் விட்டால், பிற்காலத்தில் விந்தணு எண்ணிக்கை பாதிக்கப்படலாம். விந்தகப் புற்றுநோய் அபாயமும் கூடும்.

நாற்றங்கால்: சில நூறு மீட்டர் நூல்

ஒரு விந்தகத்தின் நீளம் நான்கைந்து சென்டிமீட்டர். அதற்குள் நூல்போன்ற மெல்லிய குழல்கள் சுருண்டு சுருண்டு அடைந்து கிடக்கின்றன. அத்தனையையும் பிரித்து நீட்டினால் சில நூறு மீட்டர் வரும். அவைதான் விந்து நுண்குழல்கள். உற்பத்தி முழுக்க அவற்றின் சுவரில்தான்.

குழலின் வெளிச்சுவரை ஒட்டி மூலச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. பருவ வயது வந்ததும் அவை பிரியத் தொடங்கும. பிரிந்ததில் ஒரு பகுதி மூலச் செல்லாகவே தங்கி அடுத்த போகத்துக்கு விதைநெல்லாக இருக்கும். மறு பகுதி விந்தணுவாக மாறும் வேலையில் இறங்கும். விதைநெல் தீராததால்தான் ஆணுக்கு முதுமை வரை உற்பத்தி நடக்கிறது. பெண்ணின் நிலை வேறு. தன் கருமுட்டை இருப்போடுதான் அவள் பிறக்கிறாள், அது குறைந்துகொண்டேதான் வரும். அதற்காக ஆணுக்கு வயதே இல்லை என்று அர்த்தமில்லை. 40ஐத் தாண்டினால் விந்தணுவின் தரமும் மெல்லக் குறைகிறது.

அடுத்து நடப்பதுதான் முக்கியமான கட்டம். நம் உடலின் சாதாரண செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள். அப்பாவிடமிருந்து 46, அம்மாவிடமிருந்து 46 என்று வந்தால் குழந்தைக்கு 92 ஆகிவிடுமே? அதனால் குன்றல் பகுப்பு என்ற இரண்டு கட்டப் பிரிவில் எண்ணிக்கை 23 ஆகப் பாதியாகிறது. ஒரு செல் நான்காகிறது. அந்த நான்கில் இரண்டில் எக்ஸ் குரோமோசோம், இரண்டில் ஒய்.

இந்த நான்கும் இன்னும் விந்தணு ஆகவில்லை. வெறும் உருண்டைச் செல்கள். இனிமேல்தான் உருமாற்றம். டிஎன்ஏ இறுக்கி மடிக்கப்பட்டுத் தலைக்குள் அடைக்கப்படும். தலையின் முனையில் என்சைம்கள் நிறைந்த ஒரு தொப்பி வரும். கழுத்துக்குக் கீழே மைட்டோகாண்ட்ரியா சுருளாகச் சுற்றிக்கொள்ளும். அதுதான் இன்ஜின். பின்னால் நீண்ட வால். வேண்டாத சரக்கையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு மெலிந்து நிற்கும் அந்த விந்தணுவின் மொத்த நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்குதான்.

இந்த நேரம் முழுக்க இவற்றுக்குத் தாய் வேலை பார்ப்பவை செர்டோலி செல்கள். உணவு கொடுப்பது, கழிவை அகற்றுவது, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் இவற்றை அந்நியர் என்று நினைத்துத் தாக்காமல் தடுப்பது எல்லாம் இவைதான். குழல்களுக்கு இடையே இருக்கும் லீடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி இரு தரப்பையும் வேலை வாங்குகிறது. மேட்டூரில் மதகு திறந்தால்தான் கடைமடை வாய்க்காலில் தண்ணீர். அதுபோல மேலிருந்து வரும் ஹார்மோன் நின்றால் கீழே உற்பத்தி நின்றுவிடும்.

காலண்டரைப் பாருங்கள்: 74 நாள் + சில நாள்

மூலச் செல் பிரியத் தொடங்கியதிலிருந்து வால் முளைத்த விந்தணு ஆகும் வரை சுமார் 74 நாள் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதன்பின் முதிர்ச்சிக்கும் பயணத்துக்கும் இன்னும் சில நாள் முதல் ஏறக்குறைய இரண்டு வாரம். தோராயமாக மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் உள்ள ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 43 ரகம் விதைத்து அறுக்க 110 நாள். ஒரு குறுவைப் போகத்தைவிடக் கொஞ்சம் குறைவான காலம்தான் ஒரு விந்தணுவுக்கும்.

இந்த நாள் கணக்கு ஏன் முக்கியம்? சித்திரையில் டெங்குவோ வேறு கடும் காய்ச்சலோ வந்து படுத்திருந்தால், அதன் பாதிப்பு ஆனி, ஆடி ரிப்போர்ட்டில் தெரியலாம். அதே மாதிரி, இன்று சிகரெட்டை விட்டால் அதன் பலனை அடுத்த வாரம் எதிர்பார்க்க முடியாது. மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். "பத்து நாள்ல கவுன்ட் ஏத்தித் தர்றோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால், இந்தக் காலண்டரைக் காட்டினாலே போதும்.

நீச்சல் பழகும் இடம்

விந்தகத்தை விட்டு வெளியே வரும் விந்தணுவுக்கு வால் இருக்கும், நீந்தத் தெரியாது. குழல் சுவரின் அசைவும் திரவ ஓட்டமும்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. போய்ச் சேரும் இடம், விந்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ். பார்க்க ஒரு சின்னப் பட்டைதான். பிரித்தால் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஒரே குழல்.

இந்த 6 மீட்டரைக் கடக்கும்போதுதான் விந்தணுவின் மேற்புறத்தில் புதிய புரதங்கள் சேர்ந்து, நீந்தும் திறனும் முட்டையை அடையாளம் காணும் திறனும் வருகின்றன. குழலின் வால் பகுதி சேமிப்புக் கிடங்கு. வெளியேற வாய்ப்பில்லாத விந்தணுக்கள் மெல்ல முதுமையடைந்து சிதையும். சிதைந்ததை உடலே உறிஞ்சிக்கொள்ளும். தேங்கி நின்று உடம்பைக் கெடுப்பது எல்லாம் கிடையாது.

விந்து நாளம்: சுற்றிப் போகும் ரோடு

எபிடிடிமிஸிலிருந்து புறப்படும் விந்து நாளம் 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள, தடித்த தசைச் சுவர் கொண்ட குழாய். விதைப்பையிலிருந்து மேலே ஏறி, கவட்டி வழியாக வயிற்றுக்குள் நுழைந்து, சிறுநீர்க் குழாயைத் தாண்டி வளைந்து, சிறுநீர்ப்பையின் பின்புறம் இறங்குகிறது. நேரே போக வேண்டிய தூரத்துக்கு ஏன் இத்தனை சுற்று? விந்தகம் வயிற்றிலிருந்து கீழே இறங்கி வந்தபோது குழாயையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்ததன் விளைவுதான் இது.

ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை, அதாவது வாசக்டமி, இந்தக் குழாயில்தான் நடக்கிறது. விதைப்பையில் தோலுக்கு அடியிலேயே குழாய் கைக்குத் தட்டுப்படும் என்பதால் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சில நிமிடங்களில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்மை குறையாது. டெஸ்டோஸ்டிரோன் ரத்தம் வழியாகப் போகிறது, இந்தக் குழாய் வழியாக அல்ல. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே விந்தணுக்கள் இருக்கும். சுமார் மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் 'விந்தணு இல்லை' என்று வரும் வரை வேறு பாதுகாப்பு தேவை.

இத்தனை எளிதாக இருந்தும் நிலைமை என்ன? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சையை நம்பியிருக்கிறார்கள். கணவரின் வாசக்டமியை நம்பியிருப்போர் 0.3 சதவீதம். குழந்தை வேண்டும் என்றாலும் பெண்ணின் உடம்பு, வேண்டாம் என்றாலும் பெண்ணின் உடம்பு.

அதே குழாயை வெட்டாமலே அடைக்கும் ஊசி மருந்து ஒன்றை ஐஐடி கரக்பூர் பேராசிரியர் சுஜய் குஹா 1970களின் இறுதியிலிருந்தே ஆராய்ந்துவந்தார். ரிசக் என்று அதற்குப் பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 303 ஆண்களிடம் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2023இல் வெளியாகின. கருத்தடையில் 99 சதவீதம் பலன் என்றது அந்த ஆய்வு.

'ஒரு துளி விந்து, நாற்பது துளி ரத்தம்' உண்மையா?

விந்து நாளத்தின் முடிவில் விந்துப்பைகள் வந்து சேர்கின்றன. இரண்டும் இணைந்து புராஸ்டேட் சுரப்பிக்குள் நுழைந்து சிறுநீர் வடிகுழாயில் திறக்கின்றன. விந்து வெளியேறும் நேரத்தில் சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்ளும். சிறுநீரும் விந்தும் கலக்காமல் இருப்பது அதனால்தான். நீண்ட நாள் சர்க்கரை நோய் இருப்பவர்களில் சிலருக்கு இந்த மூடி சரியாக வேலை செய்யாமல், விந்து பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும்.

வெளியேறும் விந்தில் விந்தணுக்களின் பங்கு சில சதவீதம் மட்டுமே. பெரும்பகுதி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு அளவு, விந்துப்பைகள் தரும் திரவம். விந்தணுவுக்குச் சாப்பாடான ஃப்ரக்டோஸ் சர்க்கரை இதில்தான் இருக்கிறது. மீதியில் பெரும்பாலும் புராஸ்டேட் தரும் திரவம். முதலில் கூழ்போல இருக்கும் விந்தை, சில நிமிடங்களில் நீர்க்கச் செய்வது அதன் என்சைம்கள்.

ஆகவே ஒரு துளிக்கு இத்தனை துளி ரத்தம் என்ற கணக்கு எதுவும் இல்லை. எச்சில் ஊறுவது மாதிரி இதுவும் ஊறும். ஆனால் இந்தப் பயம் நம் ஊரில் எவ்வளவு ஆழமானது என்றால், விந்து வீணாகி உடம்பு கெட்டுவிட்டது என்று நம்பி இளைஞர்கள் சோர்ந்துபோகும் நிலைக்கு இந்திய மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் 'தாத் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்தார். மாதம் ஒரு ஊர், ஊருக்கு ஒரு லாட்ஜ் என்று ரூம் போட்டு உட்காரும் 'லாட்ஜ் வைத்தியர்'களின் பிழைப்பு ஓடுவது இந்தப் பயத்தில்தான்.

கோடிகளில் புறப்பட்டு, நூறுகளில் சேர்ந்து...

பெண்ணின் உடலுக்குள் நுழையும் விந்தணுக்களின் எண்ணிக்கை கோடிக்கணக்கில். பிறப்புறுப்பின் அமிலத்தன்மையிலேயே பெரும்பாலானவை முடிந்துபோகும். கருப்பை வாயின் சளி ஒரு சல்லடை. மாதத்தின் மற்ற நாட்களில் கெட்டியாக இருக்கும் அது, கருமுட்டை வெளிவரும் நாட்களில் மட்டும் நீர்த்து வழிவிடும். கருப்பையின் தசை அசைவுகளும் விந்தணுவை மேலே கொண்டுபோக உதவுகின்றன. கடைசியில் கருமுட்டைக்கு அருகில் சேர்பவை சில நூறு இருந்தால் அதிகம்.

போய்ச் சேர்ந்தாலும் உடனே முட்டைக்குள் நுழைய முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து, மேற்புறத்தில் சில மாற்றங்கள் நடந்த பிறகுதான் விந்தணுவுக்கு அந்தத் தகுதி வரும். இதை 1951இல் சாங், ஆஸ்டின் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பிற்காலத்தில் சோதனைக் குழாய் குழந்தை சாத்தியமானதற்கு இதுவும் ஒரு படி.

'முதலில் ஓடி வந்தவன் ஜெயித்தான்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த கதையும் முழு உண்மையில்லை. கருமுட்டை சும்மா காத்திருக்கும் பரிசுக் கோப்பை அல்ல. அதன் உறையில் உள்ள புரதங்கள்தான் விந்தணுவைப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று உள்ளே போனதும் உறையை மாற்றி மற்றவற்றுக்குக் கதவைச் சாத்துவதும் கருமுட்டைதான். விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கலாம். வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுள் ஒரு நாளுக்குள்.

இன்னொரு விஷயம். கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணுவில் எக்ஸ் இருந்தால் பெண் குழந்தை, ஒய் இருந்தால் ஆண் குழந்தை. அதாவது "பொட்டப் புள்ளையா பெத்துப் போட்டா" என்று மருமகளைத் திட்டுவதற்கு அறிவியலில் இடமே இல்லை.

எங்கெல்லாம் தடை வரும்?

* சூடு: பேக்கரி அடுப்பு, கொதிகலன் பக்கம் நாள் முழுக்க வேலை, மடியில் மணிக்கணக்கில் லேப்டாப், அடிக்கடி வெந்நீர்த் தொட்டிக் குளியல். இவை விதைப்பையின் வெப்பத்தைக் கூட்டுகின்றன.

* வெரிகோசீல்: விந்தகத்துக்கு மேலே சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்வது. பெரும்பாலும் இடது பக்கம். நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு இருக்கும். எல்லோருக்கும் பிரச்சினை தராது. ஆனால் விந்தணுக் குறைபாட்டோடு வருபவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை உண்டு.

* ஜிம் ஊசி: இளைஞர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். உடம்பு ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன், ஸ்டீராய்டு ஊசிகள், 'ஹார்மோன் ஏற்கெனவே நிறைய இருக்கிறது' என்று பிட்யூட்டரியை ஏமாற்றிவிடும். அது எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் அனுப்புவதை நிறுத்தும். வெளியே தசை ஏறும், உள்ளே விந்தணு பூஜ்ஜியம் வரை இறங்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல்.

* புகை, குடி, உடல் பருமன்: மூன்றுமே எண்ணிக்கையையும் தரத்தையும் பாதிக்கக்கூடியவை.

* பொன்னுக்கு வீங்கி: பருவ வயதுக்குப் பிறகு வந்தால் விந்தகத்தையும் தாக்கலாம்.

* பூச்சிமருந்து: 1977இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த ஆலையில், தங்களுக்குக் குழந்தை பிறப்பதே நின்றுபோயிருப்பதைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக் கண்டுபிடித்தார்கள். பரிசோதித்தால் பலருக்கு விந்தணுவே இல்லை. அந்த மருந்து பிறகு தடை செய்யப்பட்டது. எல்லா மருந்தும் அப்படி அல்ல. ஆனால் கைலியும் பனியனுமாக, முகத்தில் துணிகூடக் கட்டாமல் கைத்தெளிப்பான் தூக்கும் வழக்கத்தை மாற்ற இந்த ஒரு பாடம் போதும்.

* மரபணு: ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கான பகுதி சிலருக்குப் பிறவியிலேயே விடுபட்டிருக்கும். விந்தணுவே இல்லாத இந்திய ஆண்களில் ஒரு பகுதியினருக்கு இதுதான் காரணம் என்பதை ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் கே.தங்கராஜ் குழுவினர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்.

ஒரு சின்ன டப்பா, ஒரு ரிப்போர்ட்

ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் தம்பதி இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம் போதும். பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் அடைப்புச் சோதனை, சிலருக்கு லேப்ராஸ்கோபி என்று நீளும் பட்டியலில் வலி, ஊசி, மயக்க மருந்து எல்லாம் உண்டு. ஆணுக்கு முதல் பரிசோதனை? இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு, ஒரு டப்பாவில் விந்து மாதிரி கொடுப்பது. அவ்வளவுதான். வலி இல்லை, செலவும் குறைவு. கடினமாக இருப்பது கூச்சம் மட்டும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு தரும் கீழ் வரம்புகள் இவை:

* அளவு: 1.4 மில்லி
* ஒரு மில்லியில் விந்தணுக்கள்: 1.6 கோடி
* மொத்த எண்ணிக்கை: 3.9 கோடி
* அசைபவை: 42 சதவீதம்
* முன்னோக்கி நீந்துபவை: 30 சதவீதம்
* வடிவம் சரியாக இருப்பவை: 4 சதவீதம்

கடைசி எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். நூற்றில் நான்கு சரியான வடிவத்தில் இருந்தாலே கணக்குக்கு உள்ளேதான். இந்த எண்கள் பாஸ் மார்க்கும் அல்ல. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினரின் அளவைக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருந்து அப்பா ஆனவர்களும் உண்டு, மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு. ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவும் கட்டக் கூடாது. குறைவாக வந்தால் சில வாரங்கள் அல்லது மூன்று மாதம் இடைவெளி விட்டு மறுபடி பார்ப்பதுதான் முறை.

'விந்தணு இல்லை' என்று வந்தாலும் கதை முடிவதில்லை. உற்பத்தி நடந்து வழி மட்டும் அடைபட்டிருக்கலாம். அப்போது எபிடிடிமிஸிலிருந்தோ விந்தகத்திலிருந்தோ ஊசி மூலம் எடுத்து, ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் உருவான இந்த முறையில் கிடைத்த கர்ப்பங்கள் பற்றிய முதல் அறிக்கை 1992இல் வந்தது. இந்தியாவில் இத்தகைய மையங்களை ஒழுங்குபடுத்த 2021இல் தனிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிகிச்சை பெறும் ஆணின் வயது 21 முதல் 55 வரை, பெண்ணுக்கு 21 முதல் 50 வரை. பணம் கட்டுவதற்கு முன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

ஆண் பனை சொல்வது

திருப்பனந்தாள் என்ற பெயரிலேயே பனை இருக்கிறது. கோயிலின் தலமரமும் பனைதான். பனையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பாளை விடும் வரை எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. நுங்கு காய்ப்பது பெண் பனையில்தான். ஆனால் எங்கோ ஓர் ஆண் பனையின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் அதுவும் காய்க்கும். காய்க்காத பெண் பனையைப் பார்த்தால் பக்கத்தில் ஆண் பனை இருக்கிறதா என்றுதான் விவரம் தெரிந்தவர் கேட்பார். மரத்தைத் திட்ட மாட்டார்.

தமிழில் 'மலடி' என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்கியது. 'மலடன்' என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது, ஊர் வாயில் இல்லை. இரண்டுமே வேண்டாம். அடுத்த விசேஷ வீட்டில் "பூச்சி புழு உண்டா?" என்று யாராவது ஆரம்பித்தால், நான்கு இலை தள்ளி உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை வாயைத் திறக்கலாம். "ரெண்டு பேரும்தான் செக் பண்ணிட்டு இருக்கோம் பெரியம்மா. முதல்ல நான்தான் டெஸ்ட் கொடுத்தேன்." இப்படி ஒருவர் சொல்லிவிட்டால், அந்தப் பந்தியில் அதற்கு மேல் யாரும் அந்தப் பெண்ணிடம் கேட்க மாட்டார்கள்.